மாயக்கண்ணனுக்கு அம்மை

ஜூலை 16, செவ்வாய்

காலை ஷிப்ட். 5.40 கம்பம் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம். டிரைவர் சொன்ன காரணம், வழியில் மாடு. போன வாரமும் மாடுதான். பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பரிடம் சொல்வதற்கென்றே இந்தப் பக்கம் மாடு வளர்க்கிறார்கள் போலிருக்கிறது.

மாலை நாலரைக்குக் கல்லூரி பாஸ்கெட்பால் கோர்ட். கேலரியில் வழக்கம்போல நாங்கள் மூன்று பேர்: பூக்கடை அக்பர் அலி பாய், ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் ஞானராஜ், நான். என்னைக் கண்டதும் பாய் எழுந்தே விட்டார்.

"குரு, ஒருத்தன் வந்துருக்கான்யா! பர்ஸ்ட் இயர். ஆறடி நாலு அங்குலம். இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்."

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ஜூலையிலும் பாய் இதையேதான் சொல்கிறார். போன வருடத்து ஆறடிக்காரன் ஆகஸ்டிலேயே வேறு கல்லூரிக்கு ஓடிவிட்டான். அதற்கு முந்தையவன் போலீஸ் தேர்வுக்குப் போனான். நம்பிக்கை வைக்கிற வேலையை நான் விட்டுப் பல காலமாகிறது. வேடிக்கை பார்ப்பதோடு சரி.

ஜூலை 17

சிலிண்டர் வந்தது. மனைவி தமயந்தியே உருட்டிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்துவிட்டாள். நான் குனிவதற்குள் எல்லாவற்றையும் செய்துவிடுகிறாள், அவசரக்காரி.

ஜூலை 25, வியாழன்

பையன் பெயர் மாயக்கண்ணன். இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

இப்படி எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கோர்ட்டில் இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. உயரமான பையன்கள் பந்தை வாங்கிக் கூடையில் போடுவார்கள், அவ்வளவுதான். இவன் பந்தை வாங்கியதும் ஒரு நொடி நிற்கிறான். எதிராளி இரண்டு பேர் இவன் மேல் பாய்கிறார்கள். அதற்குள் பந்து வேறொருவன் கையில் இருக்கிறது. பாய்க்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பரீட்சைத் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஞானராஜ், "குரு சார், போன வருஷ ஸ்கோரோட இவனைச் சேத்தா பைனல்ல பதினாலு பாயிண்ட்ல ஜெயிக்கிறோம்" என்றார். பைனலுக்கே போகாத வருடத்தின் கணக்கு அது. நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

3.10 வண்டிக்குப் பையன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போவானாம். அப்பா இல்லை. அம்மா பஞ்சவர்ணம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறார். என் அறையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மேசைக்கு மேலே நிற்கிறது.

"சார், கேலரியில கீழ்ப்படியில உக்காந்திருப்பீங்கள்ல? நீங்கதான் சத்தமே போடமாட்டீங்க."

"சத்தம் போட்டு என்னப்பா ஆகப்போகுது?"

"அதான் சார், நீங்க எப்ப கை தட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

வண்டி 3.10க்குச் சரியாகக் கிளம்பியது. டிரைவருக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 29

எங்கள் 'கேலரி நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் இப்போது 212 பேர். ஜூனில் 31. துபாயிலிருக்கும் பழைய மாணவர்களெல்லாம் சேர்ந்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும் மாயக்கண்ணன் என்ன சாப்பிட்டான் என்று கேட்கிறார்கள். இந்தியா டீமுக்கு எந்த வருடம் போவான் என்று இரண்டு பேர் சண்டை போட்டுக் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஒருவர் சாயங்காலம் திரும்பி வந்தார்.

இன்று நானும் ஒன்று எழுதினேன். 'பத்தொன்பது வருடம் காத்திருந்தது வீண் போகாது. என் வார்த்தையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.' நூற்றுப் பத்துப் பேர் கும்பிட்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் இத்தனை பேர் என்னைக் கும்பிட்டதில்லை.

செப்டம்பர் 14

தமயந்திக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். ஞானராஜின் கணக்கு இப்போது இருபத்திரண்டு பாயிண்டுக்கு வந்திருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

கோச் இருதயராஜுக்கு மதுரையில் மீட்டிங். பையன்கள் தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

5.52க்கு மாயக்கண்ணன் ரீபவுண்டுக்கு எழும்பினான். இறங்கும்போது வலது கால் மட்டும் தரையில் பட்டது. உடம்பு வேறு பக்கம் திரும்பியது. ஒரு சத்தம் கேட்டது. மேல்படியில் இருந்த பாய்க்கும் ஞானராஜுக்கும் அது கேட்டிருக்காது. நான் எப்போதும் கீழ்ப்படியில்தான் உட்காருவேன். ஆட்டம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

எழுந்துவிட்டான். தண்ணீர் குடிப்பதுபோல ஓரமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"சுளுக்குதான் சார். கோச் சார்ட்ட சொல்லிராதீங்க. ஸ்கேன் எடுன்னு சொல்லி உக்கார வச்சிருவாரு. ஆடுறவனுக்குத்தான் சார் ஹாஸ்டல் சீட்டு."

கோச் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், கணுக்கால் வீங்கிய ஒருவனை டாக்டர் சீட்டு இல்லாமல் இறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து அரையிறுதியில் தோற்க வைத்த மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமை அரையிறுதி, சனிக்கிழமை பைனல். பத்து நாள்தான் இருக்கிறது.

நான் சொல்லமாட்டேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 25, புதன்

லீவு போட்டுவிட்டு அவனைக் கரட்டுப்பட்டி சன்னாசி வைத்தியரிடம் அழைத்துப் போனேன். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் இந்த ஜில்லாவிலேயே அவர்தான். தொண்ணூற்றாறில் பஸ் படியிலிருந்து விழுந்த என் காலைக் கட்டியவரும் அவரே. இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்டக்டர் வேலையிலிருந்து என்னை டைம் கீப்பராக மாற்றியதற்குக் கால் காரணமில்லை, என் கையெழுத்து நன்றாக இருந்ததால் மாற்றினார்கள்.

வைத்தியர் பையனின் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய் ஏதேதோ சொன்னார். எழுபத்தைந்து வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. கடைசியில் எண்ணெய் போட்டு, முட்டையின் வெள்ளைக்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டார். நமக்கு வேண்டியது அதுதானே. பையனிடம் எட்டு நாள் என்று சொன்னேன்.

எட்டு நாள் கோச்சின் கண்ணில் படாமலிருக்க வேண்டும். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார். பாட்டி செத்துவிட்டாள் என்றால் நாலு நாள்தான் விடுவார். யோசித்து யோசித்து, அம்மை என்று சொன்னேன். "பையனுக்கு அம்மை போட்டிருக்கு சார், ஊருக்கு அனுப்பிட்டேன்." அம்மை என்றால் யாரும் சீட்டு கேட்பதில்லை, எட்டிப் பார்க்கவும் வருவதில்லை. ஹாஸ்டல் வார்டனே ரூமைக் கழுவிவிட்டுக் கும்பிடு போட்டுவிடுவார். கோச், "ஐயோ பாவம், நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

அவனை ஊரில் விடப் போனபோது, அவன் அம்மாவிடமும் யார் கேட்டாலும் அப்படியே சொல்லச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமாண்ணே?" என்றார். என் காலைக் காட்டினேன்.

செப்டம்பர் 26

தமயந்தியிடமும் அம்மை என்றுதான் சொல்லியிருந்தேன். விடிந்ததும் குளித்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி வந்துவிட்டாள். பையனுக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்பு கிடையாதாம். அவியல் சோறாக இருக்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

தீர்த்தத்தை அவன் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையன் பக்தியாகக் குடித்தான். வீக்கம் இறங்கியிருப்பதுபோல எனக்குத் தெரிந்தது. "நடந்தா முட்டி வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு சார்" என்றான். கட்டியிருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

கட்டுப் பிரித்தாச்சு. மூன்று தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று கோச்சிடம் சொன்னேன். பையன் முகத்தில் ஒரு தழும்பு இல்லையே என்றார். லேசாகத்தான் போட்டிருந்தது என்றேன். "உடம்பு தாங்குமாப்பா?" என்று அவனிடமே இரண்டு முறை கேட்டார். தாங்கும் சார் என்றான்.

வாட்ஸ்அப்பில், 'மாயன் ஆடுகிறான்' என்று நான்தான் முதலில் போட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மதுரை. அரையிறுதியில் ஜெயித்தோம். மாயக்கண்ணன் 19 பாயிண்ட். குதிக்கவே இல்லை, நின்ற இடத்திலிருந்தே போட்டான். புத்திசாலித்தனமாக ஆடுகிறான் என்று பாய் சொன்னார்.

அக்டோபர் 5, சனி

இரண்டாவது குவார்ட்டர் முடிவில் 41-30, நாங்கள் முன்னிலை. ஞானராஜ் பரீட்சைத் தாளைக் கிழித்துப் பறக்கவிட்டார். நான் கை தட்டினேன். பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

மூன்றாவது குவார்ட்டரில் ஒரு பந்துக்கு எழும்பியே ஆகவேண்டியிருந்தது.

65-61. தோற்றோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

வாட்ஸ்அப்பில் 340 செய்திகள். 'இவனை நம்பி மதுரை வரைக்கும் போனோம் பாரு.' 'லீடு எடுத்துக் குடுத்துட்டுப் படுத்துட்டான்.' 'உடம்பு மட்டும்தான் உயரம், மனசு கட்டை.' போன வாரம் இந்தியா டீமுக்கு அனுப்பியவர்கள்தான் இதையும் எழுதினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் பாய் எழுதினார். 'பையனைத் திட்டாதீங்க. அம்மையிலேர்ந்து எந்திரிச்சு ரெண்டு நாள் ஆகாத புள்ளைய அடுத்தடுத்து ரெண்டு ஆட்டம் ஆடவிட்ட கோச்சுக்கு மனசாட்சி இருக்கா?'

எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பாய் நல்ல மனதோடுதான் எழுதினார். நான் போனை அணைத்து வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். சர்க்கரை இல்லை என்றார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

திண்டுக்கல்லில் ஸ்கேன். பஞ்சவர்ணமும் வந்திருந்தார். டாக்டர் சின்ன வயதுக்காரர், படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முதல்ல எப்ப அடிபட்டுச்சு?"

பையன் என்னைப் பார்த்தான். "அஞ்சாம் தேதி, பைனல்ல" என்றேன் நான்.

"இல்லையே. ஜவ்வு முன்னாடியே அந்துபோயிருக்கு. அதோட ஆடியிருக்காப்ல. உள்ள மெத்தை மாதிரி இருந்ததெல்லாம் நைஞ்சு போச்சு. முதல் தடவையே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி, ஒரு வருஷத்துல கிரவுண்டுக்கு அனுப்பியிருக்கலாம்."

"இப்பன்னா?" என்றார் பஞ்சவர்ணம்.

"நடக்க வச்சிரலாம்மா. விளையாட்டை மறந்துரச் சொல்லுங்க."

பஸ்ஸில் பையன் காலை நீட்டுவதற்காகக் கடைசி சீட்டில் உட்கார்ந்தான்.

தமயந்திக்கு இன்று எல்லாம் தெரிந்துவிட்டது. பஞ்சவர்ணம் போனில் சொல்லியிருக்கிறார். "மாரியாத்தா பேரைச் சொல்லியா பொய் சொன்னீங்க?" என்று ஆரம்பித்தாள். சன்னாசி வைத்தியர் கட்டினால் நிற்கும், என் கால் நிற்கவில்லையா என்றேன்.

"உங்க காலா? மாடிப்படி ஏறி எத்தனை வருஷமாச்சு உங்களுக்கு? துணி காயப்போட, தொட்டியப் பாக்க, எல்லாத்துக்கும் நான்தானே ஏறுறேன்? நல்ல காலுக்காரருக்கா நாற்காலி வேலை குடுத்தாங்க? இருபத்தெட்டு வருஷமா நான் வாயத் திறந்தேனா?"

திறந்ததில்லை. அவள் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது என்று எழுதினால் அது பொய்.

அக்டோபர் 11

5.40 கம்பம் வண்டி சரியான நேரம்.

அக்டோபர் 22, செவ்வாய்

கோச் இருதயராஜைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோயிலிருந்து எழுந்த மாணவனை விசாரிக்காமல் ஆடவைத்ததாகப் பழைய மாணவர்கள் நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டுப் பிரின்சிபாலிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவை எழுதியவர் ஞானராஜ். என்னையும் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் கூப்பிட்ட அன்றே பிரின்சிபாலிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். கல்லூரி வாசல்வரை போனேன். வாட்ச்மேன் "என்ன சார், பிராக்டிஸ் இல்லையே இன்னிக்கு" என்றான். சரிப்பா என்று திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 31

தீபாவளி. இனிப்பு எதுவும் செய்யவில்லை. பாய் வீட்டுக்கு வழக்கமாக அனுப்புவோம், இந்த வருடம் கடையில் வாங்கி அனுப்பினோம்.

நவம்பர் 9, சனி

மாயக்கண்ணன் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, சீட்டைத்தான் கேட்டார்கள். ஆனால் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறித் தினமும் வர அந்தக் காலால் முடியாது. பூ மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்கு உட்காரப் போகிறானாம். அதை பாய்தான் ஏற்பாடு செய்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை, கால் வலிக்காது என்று சொல்லி அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறார்.

அவன் இருந்த அறைக்கு இன்னொருவன் வந்துவிட்டான். ஆறடி மூன்று. வாட்ஸ்அப்பில் அவனுடைய வீடியோ ஓடுகிறது. 'மாயனைவிட இவன் கை நீளம்' என்று துபாய்க்காரர் எழுதியிருக்கிறார்.

மகனைக் கூட்டிப்போக வந்திருந்த பஞ்சவர்ணம் என் அறை வாசலில் நின்றார்.

"அண்ணே, ஆபரேஷன்னாலே புள்ள பயப்படுறான். அந்தக் கட்டு வைத்தியரு இன்னொரு தடவை பாத்தா எதாச்சும் வழி சொல்லுவாரு. எங்களுக்கு உங்கள விட்டா யாரண்ணே இருக்கா? ஒரு எட்டு கூட்டிப் போங்க."

அவர் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாயக்கண்ணன் அம்மாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு என்றேன். எழுபத்தைந்து வயதுக்காரர், இந்நேரம் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மறக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் பையனின் காலைத் தொடும் முன்பே என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, நான் அன்னிக்கே சொன்னேன்ல? இது எலும்பு இல்ல, உள்ள ஜவ்வு. என் கையில ஆகாது, இன்னிக்கே படம் எடுக்கக் கூட்டிட்டுப் போன்னு கொல்லையில வச்சுப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

நான் கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீதானே என் கையப் புடிச்சுக்கிட்டு, சும்மாவாச்சும் ஒரு கட்டைப் போடுங்க சாமி, கட்டு இருந்தா பையன் தைரியமா ஆடுவான், ரெண்டே ஆட்டந்தான்னு கெஞ்சுன? உன் மொகத்துக்காகப் போட்டேன். அன்னைக்கிருந்து எனக்கு அதே நெனப்புத்தான். ஏன் கூட்டிட்டுப் போகல?"

அவர் அன்று சொன்னது முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. செப்டம்பர் 25ஆம் தேதிப் பக்கத்தில் 'ஏதேதோ சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன். ஏதேதோ இல்லை. இதைத்தான் சொன்னார். படம் எடுத்தால் உட்காரவைத்துவிடுவார்கள் என்பதால் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எட்டு நாள் என்பது அவர் சொன்னதல்ல. நான் காலண்டரைப் பார்த்துச் சொன்னது.

பஞ்சவர்ணம் என்னைத் திட்டவில்லை. "அம்மைன்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். வந்தவங்க எல்லார்ட்டயும் சொன்னேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாயக்கண்ணன்தான் "வாம்மா, பஸ்ஸு போயிரும்" என்று எழுப்பினான்.

பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் ஒரே ஒரு கல். அதில் அவனை உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் நின்றோம். பேச்சை அவனே எடுத்தான்.

"சார், அன்னிக்கு அவரு சொன்னத என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன சொல்லிருப்பேன் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்பவும் ஆடுறேன்னுதான் சொல்லிருப்பேன்." முழங்காலைத் தடவிக்கொண்டான். "ஆனா அத நான் சொல்லிருக்கணும் சார். என் காலுதானே."

பஸ் வந்தது. பின்படி உயரம். நான் கை நீட்டினேன். அவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து ஏறினான். கண்டக்டர் என்னைப் பார்த்து ஏறுங்க சார் என்றார். நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

மாலை கோச் வீட்டுக்குப் போனேன். சத்தம், கட்டு, அம்மை, வைத்தியர் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பிரின்சிபாலிடமும் எழுதித் தருகிறேன், பாயிடமும் ஞானராஜிடமும் சொல்கிறேன் என்றேன். சொல்லி முடித்ததும் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"பையன்ட்ட மன்னிப்புக் கேட்டீங்களா சார்?"

இல்லை. நேற்றுக் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவன் பக்கத்திலேயேதான் இருந்தேன். அந்தக் கல் ஓரத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றேன். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.